குண்டை முதலில் முடிவு செய்யுங்கள், பேரல் பிறகு: வாசகர் கேள்வி–பதில்

இலக்குச் சுடுதலுக்காகச் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) அமைக்க நினைக்கும் வாசகர்களிடமிருந்து பேரல் (குழல்), சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை ஏ.ஆர். வகை (எம்16 ராணுவ ரைஃபிளின் குடும்பம்) ரைஃபிளையும் .223 / 5.56 தோட்டாவையும் பற்றியவை. தோட்டா என்பது கூடு, அதன் அடியில் தீமூட்டும் பிரைமர், வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது; பறந்துபோவது குண்டு மட்டும். ஒரே விஷயத்தை நான்கைந்து பேர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. பல நாடுகளில் பேரலும் போல்ட்டும் (தோட்டாவுக்குப் பின்னால் சேம்பரை மூடும் பாகம்) தனித்தனியாகவே உரிமம் தேவைப்படும் பாகங்கள். சில நாடுகளில் மையவெடிப்புச் (பிரைமர் கூட்டடியின் நடுவில் உள்ள தோட்டாவைச் சுடும்) செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் தனியாருக்கு அறவே தடை. எனவே உரிமத்தைக் கையில் வாங்கிக்கொண்டு உதிரிபாகம் தேடுங்கள்.

கேள்வி: 300 மீட்டர் வரை காகித இலக்கில் சுட ஒரு ரைஃபிள் அமைக்கிறேன். நல்ல பேரல் எது என்று சொன்னால் போதும்.

எந்தக் குண்டைச் சுடப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் பேரல் சொல்வது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்கித் தருவது போலத்தான்.

மேகசினிலிருந்து ஏறும் தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 2.26 அங்குலத்தை, அதாவது 57.4 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் அடங்கும் போட்டிக் குண்டுகளில் நீளமானவை 75, 77 கிரெய்ன் எடையுள்ளவை. 77 கிரெய்ன் என்பது ஏறக்குறைய 5 கிராம். 80 கிரெய்ன் குண்டை அதற்கு ஏற்ற நீளத்தில் பொருத்தினால் தோட்டா மேகசினில் அடங்காது. ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும். அப்படிச் சுடும் போட்டிப் பிரிவுகளும் இருக்கின்றன. உங்களுக்கு அது தேவையில்லை என்றால் 80ஐ மறந்துவிடலாம்.

300 மீட்டருக்கு 69 முதல் 77 கிரெய்ன் வரையிலான போட்டிக் குண்டு, 1:8 ட்விஸ்ட் (குண்டைச் சுழற்றும் உள்வரிகளின் திருகு வீதம்), வைல்ட் சேம்பர், 18 அல்லது 20 அங்குல நீளம், போட்டித் தரத் துருப்பிடிக்கா எஃகு. யோசிக்க நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் வேண்டுபவர்களுக்கு மற்ற பதில்கள்.

கேள்வி: 1:7, 1:8, 1:9 என்கிறார்கள். வேகமான ட்விஸ்ட் என்றால் துல்லியமும் கூடுமா?

1:8 என்றால் குண்டு பேரலுக்குள் 8 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். எண் சிறிதானால் சுழற்சி வேகம் கூடும்.

குண்டு தலைகுப்புற விழாமல் மூக்கை முன்னே வைத்துப் பறக்க எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதை முதன்மையாக முடிவு செய்வது அதன் நீளம். எடையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது, ஏனென்றால் பெட்டியின் மேல் அதுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. எடையை நம்பினால் எங்கே சறுக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் எம்855. இந்த 62 கிரெய்ன் ராணுவக் குண்டின் உள்ளே எஃகு முனை இருக்கிறது. எஃகு ஈயத்தைவிட லேசானது என்பதால் அதே எடைக்கு உடல் நீளமாகிறது. ஏறத்தாழ 23 மி.மீ. 69 கிரெய்ன் போட்டிக் குண்டின் நீளமும் கிட்டத்தட்ட அதுவேதான்.

1879இல் கணிதவியலாளர் கிரீன்ஹில் ட்விஸ்ட்டைக் கணக்கிடத் தந்த சூத்திரம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு உதவும். குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லா அளவும் அங்குலத்தில். 0.224 அங்குல விட்டத்துக்கு, வகுக்கும் முன் 7.53 வரும். நீளம் 0.99 அங்குலம் உள்ள 77 கிரெய்ன் குண்டுக்கு விடை சுமார் 7.6, அதாவது 1:7.6 ட்விஸ்ட். நீளம் 0.74 உள்ள 55 கிரெய்ன் குண்டுக்கு சுமார் 10. இந்தச் சூத்திரம் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்போடு கணக்குச் சொல்லும். வினாடிக்கு 2800 அடிக்கு மேல் வேகம் இருந்தால் 150க்குப் பதில் 180 போடுவது வழக்கம். அதனால்தான் 77 கிரெய்ன் குண்டு 1:8 பேரலில் சிக்கலின்றிப் பறக்கிறது. 1:9 பேரலில் 69 வரை நம்பிப் போகலாம். 77 சில பேரல்களில் ஓடும், சிலவற்றில் ஓடாது. குளிர்ந்த, அடர்ந்த காற்றில் விளிம்பு இன்னும் குறுகும். எம்16இன் தொடக்கக் கால 1:14 ட்விஸ்ட்டை 1:12 ஆக மாற்றியதே கடுங்குளிரில் 55 கிரெய்ன் குண்டு நிலைகுலைந்ததால்தான்.

சுழற்சி போதவில்லை என்றால் இலக்கே காட்டிக்கொடுத்துவிடும். காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீள்வட்டமோ, குண்டு பக்கவாட்டில் மோதிய சாவித்துளை வடிவமோ விழும்.

சரி, அப்படியானால் எல்லாரும் 1:7 வாங்கிவிடலாமே? வாங்கலாம், பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் குண்டின் உறைத் தடிமன் ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தால், சுழற்சி கூடக் கூட அந்தக் குறை பெரிதாகத் தெரியும். நல்ல போட்டிக் குண்டில் இது கண்ணுக்கே தெரியாது, மலிவுக் குண்டில் தெரியும். இன்னொன்று, வினாடிக்கு 3200 அடி வேகத்தில் 1:7 பேரலிலிருந்து வெளிவரும் குண்டு நிமிடத்துக்கு சுமார் 3,29,000 முறை சுற்றுகிறது. 40, 50 கிரெய்ன் மெல்லிய உறைக் குண்டுகளில் சில இதைத் தாங்காமல் வழியிலேயே சிதறும். இலக்கில் துளையே இல்லை, நடுவழியில் ஒரு சாம்பல் கீற்று தெரிந்தது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். 52 முதல் 77 வரை எல்லாவற்றையும் சுட்டுப்பார்க்க நினைப்பவருக்கு 1:8.

கேள்வி: .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ, .223 வைல்ட். மூன்று சேம்பருக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

தோட்டாவின் வெளி அளவு நடைமுறையில் ஒன்றுதான். வித்தியாசம் தொண்டையில் இருக்கிறது. கூட்டின் கழுத்து முடிந்த இடத்துக்கும் வரிமேடுகள் (உள்வரிகளுக்கு இடையே உயர்ந்து நிற்கும் மேடுகள்) தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள வரியில்லாத உருளைப் பகுதியை ஃப்ரீபோர் என்பார்கள். குண்டு கூட்டை விட்டு நகர்ந்ததும் முதலில் கடப்பது இதைத்தான்.

.223 ரெமிங்டனில் இதன் நீளம் 0.025 அங்குலம், அதாவது 0.6 மி.மீ.தான். விட்டம் குண்டின் விட்டத்தை ஒட்டி 0.224. அதற்கப்பால் வரிமேடுகள் செங்குத்தான சாய்வில், ஏறத்தாழ 3 டிகிரியில் எழும்புகின்றன. 5.56 நேட்டோ சேம்பரில் ஃப்ரீபோர் இரு மடங்குக்கும் மேல் நீளம், விட்டமும் 0.226க்கு மேல். வரிமேடுகள் ஒரு டிகிரியும் சொச்சமுமான மெல்லிய சாய்வில் தொடங்கும். அழுக்கு, சூடு, எந்த ஆலையின் தோட்டா என்று தெரியாத நிலை, இத்தனைக்கும் நடுவில் துப்பாக்கி நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட அளவு அது. இடம் தாராளமாக இருப்பதால் குண்டு வரிமேட்டைத் தொடும்முன் இம்மியளவு சாய்ந்து நுழைய வாய்ப்பு உண்டு. துல்லியம் கொஞ்சம் அங்கேதான் கசிகிறது.

அமெரிக்காவில் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளுக்குத் துப்பாக்கி அமைத்துத் தந்த பில் வைல்ட் இரண்டையும் கலந்தார். நீளத்தில் நேட்டோவை ஒட்டியும், விட்டத்தில் .223ஐப் போல இறுக்கமாக 0.224ஆகவும், சாய்வில் மெல்லியதாகவும் ஒரு தொண்டை. மேகசின் நீளத்தில் 77 கிரெய்ன், கையால் போடும் நீளத்தில் 80 கிரெய்ன், இரண்டுக்கும் அது பொருந்தியது. குண்டு நேராக வழிநடத்தப்படுகிறது, அழுத்தமும் எகிறுவதில்லை. போட்டிக்கான செமி ஆட்டோ பேரல்களில் இன்று இது சாதாரணமாகிவிட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால், நல்ல ரீமரால் (சேம்பரைக் குடையும் கருவி) வெட்டப்பட்ட நேட்டோ சேம்பர், தேய்ந்த ரீமரால் வெட்டப்பட்ட வைல்ட் சேம்பரைத் தோற்கடிக்கும். பெயர் பாதிதான். தொண்டை பேரலின் துளையோடு ஒரே மையத்தில் இருக்கிறதா என்பது மீதிப் பாதி. போர்ஸ்கோப் (துளைக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தால் வரிமேடுகள் எல்லாம் சுற்றிலும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் முன்னாலும் எதிர்ப்பக்கம் பின்னாலும் தொடங்கினால் ரீமர் கோணலாகப் போயிருக்கிறது. அந்தப் பேரலைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: .223 என்று முத்திரையிட்ட பேரலில் 5.56 ராணுவத் தோட்டா சுடலாமா?

வேண்டாம். குறுகிய தொண்டையில் குண்டு உடனே வரிமேட்டில் முட்டும், அழுத்தம் ஏறும். பிரைமர் தட்டையாவது, பிரைமர் கழன்று டிரிகர் பகுதியில் விழுந்து துப்பாக்கி நின்றுபோவது, கூட்டின் அடியில் எஜெக்டர் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் ஊசி) துளையின் பளபளப்பான தடம் விழுவது எல்லாம் இதன் அடையாளங்கள். மறுதலையாக, 5.56 சேம்பரிலும் வைல்ட் சேம்பரிலும் .223 தோட்டாவைத் தாராளமாகச் சுடலாம்.

55,000 பி.எஸ்.ஐ., 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) என்று இரண்டு அழுத்த எண்களை எடுத்துப்போட்டு ஒப்பிட்டு ஒரு வாசகர் கணக்கு எழுதியிருக்கிறார். அவை வெவ்வேறு இடத்தில் அளந்தவை. துப்பாக்கி, தோட்டாத் தரங்களை வகுக்கும் அமெரிக்க சாமி (SAAMI) அமைப்பின் முறையில் கூட்டின் உடல் பகுதியிலும், நேட்டோ முறையில் கூட்டின் வாய்ப்பகுதியிலும் அழுத்தத்தை அளக்கிறார்கள். நேரடியாகக் கழித்துப் பார்க்க முடியாது. தொண்டை வேறு என்பதே போதிய காரணம்.

கேள்வி: போல்ட் ஆக்‌ஷன் சுடும் நண்பர், கழுத்து இறுக்கமான சேம்பர் வெட்டச் சொல்கிறார். குண்டையும் வரிமேட்டைத் தொடும்படி பொருத்தச் சொல்கிறார். செய்யலாமா?

உங்கள் நண்பர் தன் துப்பாக்கிக்குச் சரியாகத்தான் சொல்கிறார். உங்கள் துப்பாக்கி வேறு.

போல்ட் ஆக்‌ஷனில் போல்ட்டைக் கையால்தான் மூடுகிறோம், தோட்டா எளிதாக ஏறவில்லை என்றால் கை உடனே உணரும். செமி ஆட்டோவில் ஸ்பிரிங் உந்தும், போல்ட்டைத் தாங்கி முன்பின் ஓடும் போல்ட் கேரியருக்கு அந்த உணர்வு கிடையாது. இறுக்கமான தோட்டாவைப் பாதி தூரம் தள்ளி நிறுத்திவிடும், அல்லது அடித்து உள்ளே திணிக்கும். கழுத்து இறுகிய சேம்பரில் கூடு குண்டை விட்டு விரிய இடமில்லாமல் போனால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். சுடும்போது குண்டை விடுவிக்க, தோட்டாவின் கழுத்துக்கும் சேம்பருக்கும் நடுவே மொத்தம் 0.003 முதல் 0.005 அங்குல இடைவெளி இருக்கட்டும். கழுத்தைக் கடைந்து மெல்லிதாக்கும் வேலை இந்த வகைத் துப்பாக்கிக்குத் தேவையே இல்லை.

குண்டு வரிமேட்டைத் தொடும்படி பொருத்துவதில் இன்னொரு ஆபத்து. சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு வரியில் சிக்கிக்கொண்டு கூடு மட்டும் வரும், வெடிமருந்து முழுதும் டிரிகர் பகுதியில் கொட்டும். குறைந்தது 0.015 முதல் 0.020 அங்குலம் தள்ளியே வையுங்கள். மேகசின் நீளத்தில் பொருத்தினால் பெரும்பாலும் இதைவிட அதிக இடைவெளிதான் கிடைக்கும். அதனால் குண்டைத் தேர்வு செய்யும்போது மூக்கின் வளைவைப் பாருங்கள். பழைய பாணியில் உடலோடு வழுவழுப்பாகச் சேரும் வளைவு கொண்ட குண்டுகள் இந்த இடைவெளியைத் தாவுவதைப் பொருட்படுத்துவதில்லை. உடலோடு சிறு மூலை தட்டிச் சேரும் கூர்மையான வளைவு கொண்டவை தாவலின் நீளத்துக்கு நுட்பமாக முகம் சுளிக்கும்.

தோட்டாவை நீங்களே மறுநிரப்புபவர் என்றால் ஒவ்வொரு முறையும் முழு நீள சைசிங் (விரிந்த கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது) செய்யுங்கள். சுட்ட கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.003 முதல் 0.004 அங்குலம் பின்னுக்குத் தள்ளுங்கள். போல்ட் ஆக்‌ஷனில் 0.001, 0.002 போதும் என்பார்கள். இங்கே போதாது. பிரைமர் கிண்ணம் தடிமனான வகையாக இருக்கட்டும். ஏ.ஆர். வகையில் பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, போல்ட் மூடும்போதெல்லாம் அது பிரைமரை லேசாகத் தட்டுகிறது. சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவின் பிரைமரில் ஒரு புள்ளி தெரிவதற்குக் காரணம் அதுதான். மென்மையான பிரைமரோ, கூட்டின் அடிமட்டத்துக்கு மேலே துருத்திய பிரைமரோ அந்தத் தட்டலிலேயே வெடித்துவிடலாம்.

கேள்வி: துருப்பிடிக்கா எஃகா, குரோம் பூச்சா, நைட்ரைடா?

துல்லியம் மட்டும்தான் குறிக்கோள் என்றால் 416ஆர் துருப்பிடிக்கா எஃகு. இயந்திரத்தில் சுத்தமாக வெட்டுப்படும், உட்புறத்தை லேப் செய்து (நுண்பொடியால் தேய்த்து) ஒரே சீராக்க முடியும். குரோம் பூசிய துளை சூட்டையும் துருவையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பூச்சின் தடிமன் துளை முழுக்க ஒரே சீராக அமைவது கடினம், லேப் செய்து பெற்ற சீர்மை அந்தப் பூச்சுக்கு அடியில் மறைந்துபோகும். நைட்ரைடு பூச்சல்ல, எஃகின் மேற்பரப்பையே கடினமாக்கும் முறை. அளவு மாறுவதில்லை. நிறையப் பயிற்சி செய்பவருக்கு 4150 எஃகில் நைட்ரைடு செய்த பேரல் நல்ல சமரசம். சேம்பரையும் தொண்டையையும் வெட்டி முடித்த பிறகே நைட்ரைடு செய்ய வேண்டும், பின்னால் ரீமர் அந்த மேற்பரப்பை வெட்டாது.

வரிகளை வெட்டி உண்டாக்கியதா, பட்டன் (கடின உலோகக் குமிழ்) இழுத்ததா, சுத்தியலால் அடித்து உருவாக்கியதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மூன்றிலும் சிறந்த பேரல் உண்டு. பட்டன் முறை உலோகத்துக்குள் இறுக்கத்தை ஏற்றிவிடுகிறது. வெப்பச் சிகிச்சையால் அதை நீக்காமல் வெளிப்புறத்தைக் கடைந்து மெல்லிதாக்கினால், வாய்ப்பக்கம் துளை சற்று விரிந்துகொள்ளும். துல்லியத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. துளை வாய்ப்பக்கம் ஒரு இழை இறுகலாம், விரியக் கூடாது.

கேள்வி: 24 அங்குலம் வாங்கினால் 18ஐவிடத் துல்லியமாக இருக்கும்தானே?

நீளம் வேகத்தைத் தரும், துல்லியத்தைத் தராது. இந்தத் தோட்டாவில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய வினாடிக்கு 20 முதல் 30 அடி கூடும். அந்த வேகத்தால் காற்றில் விலகுவது கொஞ்சம் குறையும், அவ்வளவே. விறைப்பில் குட்டைப் பேரலே மேல். ஒரே தடிமனில் நீளம் இரட்டித்தால் வளையும் தன்மை எட்டு மடங்காகும். தடிமன் இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்கு.

வெளிப்புறத்தில் பள்ளம் வெட்டிய பேரல் விறைப்பாக இருக்கும் என்று விளம்பரங்களில் சொல்வது பாதி உண்மை. அதே எடையுள்ள மெல்லிய உருளையைவிட விறைப்பு, பள்ளம் வெட்டாத அதே தடிமன் பேரலைவிடத் தளர்வு. வரி உண்டாக்கி லேப் செய்த பிறகு பள்ளம் வெட்டினால் உள்ளிறுக்கம் குலையவும் கூடும். எடை குறைய வேண்டும் என்றால் ஒரு படி மெல்லிய பேரலே வாங்கிவிடுவது மேல்.

கேள்வி: வாயுக் குழாய் நீளம் துல்லியத்தைப் பாதிக்குமா? 18 அங்குலப் பேரலுக்கு எது?

பாதிக்கும், ஆனால் சுற்றிவளைத்து. சுடும்போது பேரலிலுள்ள துளை வழியே கொஞ்சம் வாயுவை இந்தக் குழாய் கேரியருக்குக் கொண்டுபோய் அதைப் பின்னே தள்ளுகிறது. வாயுத் துளை சேம்பருக்கு அருகில் இருந்தால் அழுத்தமும் சூடும் அதிகமான வாயு கேரியரை அடிக்கிறது. கூடு சேம்பர் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே போல்ட் பூட்டைத் திறந்து இழுக்கிறது. கூட்டின் விளிம்பு கிழிவது, வளைவது, காலிக் கூடு பறந்துபோய் எங்கோ விழுவது எல்லாம் அதனால்தான். துப்பாக்கி அதிகமாக உதறுவதால் அடுத்த குறிக்கு ஓய்ந்து நிற்க நேரமாகும். கூடு நெளிந்தால் மறுநிரப்பிலும் சீர்மை போகும்.

கார்பைன் நீளத்தில் துளை சுமார் 7.8 அங்குலத்தில், மிட் நீளத்தில் 9.8இல், ரைஃபிள் நீளத்தில் 13 அங்குலத்தைத் தாண்டி அமைகிறது. 20 அங்குலத்துக்கு ரைஃபிள் நீளம் என்பதில் விவாதமே இல்லை. 18 அங்குலத்துக்கும் ரைஃபிள் நீளமே எங்கள் தேர்வு. துளைக்கு அப்பால் பேரல் குறைவாக மிஞ்சுவதால் வாயு வேலை செய்யும் நேரம் சுருங்கும், அதற்கேற்ப துளையின் விட்டத்தைத் தயாரிப்பாளர் சற்றுப் பெரிதாக்கியிருக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 16க்கு மிட். கார்பைன் நீளத்தை 18 அங்குல இலக்குப் பேரலில் வைத்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

வாயு அளவைத் திருகி மாற்றும் காஸ் பிளாக் (வாயுத் துளையின் மேல் அமரும் பாகம்) போட்டால், மேகசினில் ஒரே தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்கள். போல்ட் பின்னால் நின்று பிடிக்க வேண்டும். பிடிக்கும் குறைந்தபட்ச வாயு அளவைக் கண்டுபிடித்து, அழுக்குக்கும் குளிருக்கும் ஈடாக ஒன்றிரண்டு படி கூட்டி நிறுத்துங்கள்.

கேள்வி: பழைய போல்ட்டைப் புதிய பேரலோடு போடலாமா?

ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பரின் தோள் வரையுள்ள நீளம்) அளந்து சரியாக இருந்தால் போடலாம். .223இல் அளவுக் கட்டைகளில் கோ கேஜ் 1.4636 அங்குலம், நோ-கோ 1.4666. எக்ஸ்ட்ராக்டரையும் (கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) எஜெக்டரையும் கழற்றிவிட்டு, விரல் வலுவில் மட்டும் போல்ட்டை மூடிப் பாருங்கள். கோ மீது மூட வேண்டும், நோ-கோ மீது மூடக் கூடாது. எஜெக்டர் ஸ்பிரிங்கோடு அளந்தால் கேஜை அது முன்னே தள்ளும், கிடைக்கும் விடை பொய்யாகும். கேஜ் இல்லாதவர் இதைக் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கித் தொழிலாளி) கொடுத்துவிடுவது நல்லது. பல ஆயிரம் தோட்டா ஓடிய போல்ட்டைப் புதிய பேரலுக்குப் போடாதீர்கள், பற்களின் அடியில் விரிசல் இருக்கலாம்.

6.5 கிரெண்டல் என்ற வேறு தோட்டாவுக்கு ரைஃபிள் அமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் போல்ட் முகத்தின் ஆழம் 0.136 அங்குலம். 7.62×39க்கான போல்ட்டில் 0.125. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். மாற்றிப் போட்டால் ஹெட்ஸ்பேஸ் கெடும். பேரலையும் போல்ட்டையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

கேள்வி: முதல் மூன்று நான்கு குண்டுகள் ஒரே இடத்தில் விழுகின்றன. சூடானதும் வலது மேல்பக்கம் நகர்கின்றன. பேரல் மோசமா?

இருக்கலாம், ஆனால் அந்தத் தீர்ப்பை கடைசியில் எழுதுங்கள். முதலில் ஸ்கோப்பையும் மவுண்டையும் இன்னொரு நம்பகமான துப்பாக்கியிலிருந்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்தப் புகாரில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து ஹேண்ட்கார்ட், அதாவது பேரலைச் சுற்றிய கைப்பிடி உறை. பேரலைத் தொடாமல் தனியாக மிதக்கும் வகை அவசியம். தோள்வாரை இறுக்கிச் சுடுபவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வாரின் இழுப்பு பேரலையே வளைத்துக் குறியை நகர்த்தும். காகிதத்தை மடித்து இடைவெளி முழுக்க ஓட்டிப் பாருங்கள், எங்கும் மாட்டக் கூடாது. அதன்பின் காஸ் பிளாக்கும் குழாயும். குழாய் பேரல் நட்டின் ஓட்டையில் எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் போக வேண்டும். கேரியர் சாவிக்குள் (கேரியரின் மேல் குழாயை ஏற்கும் சிறு முனை) தடையின்றி நுழைய வேண்டும். குழாய் ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தால் பேரல் சூடேறும்போது அந்தத் தள்ளல் கூடும். குறி ஒரே திசையில் நகர்வது இதற்குப் பொருந்தும்.

இவ்வளவும் சரி என்றால் பேரலும் ரிசீவரும் (போல்ட் ஓடும் உடல் பகுதி) சேரும் இடம். பேரலின் பின்பகுதி ரிசீவருக்குள் தொளதொளவென்று இறங்கினால், நட்டின் இறுக்கம் மட்டும்தான் அதைப் பிடித்திருக்கிறது. இறுக்கமாக இறங்கும் ரிசீவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 0.001 அல்லது 0.002 அங்குல மெல்லிய எஃகுத் தகட்டைச் சுற்றிப் பொருத்தலாம், அல்லது லாக்டைட் 620 போன்ற சூடு தாங்கும் பிடிமானப் பசையைத் தடவலாம். பசை வாயுத் துளைப் பக்கமோ போல்ட் பற்கள் இருக்கும் பக்கமோ வழியக் கூடாது. ரிசீவரின் முகப்பு கோணலாக இருந்தால் கருவி வைத்துச் சமப்படுத்திய பிறகே பேரலை இறக்க வேண்டும். நட்டை 30 முதல் 80 அடி-பவுண்டுக்குள் முறுக்கு அளவியோடு இறுக்க வேண்டும், கை மதிப்பில் வேண்டாம்.

வாயில் பொருத்திய ஃபிளாஷ் ஹைடரையும் (சுடர் மறைப்பான்) கழற்றிவிட்டுச் சுட்டுப் பாருங்கள். அதிகமாக இறுக்கினால் திரெட் (மரை) பகுதியில் துளையையே நசுக்கும்.

அத்தனையும் பார்த்த பிறகும் குறி நகர்ந்தால் அது பேரலின் உள்ளிறுக்கம். அதற்கு மருந்து கிடையாது, வேறு பேரல்தான்.

கேள்வி: .22 எல்.ஆர். செமி ஆட்டோவுக்கு மேட்ச் சேம்பர் வெட்டலாமா?

பென்ட்ஸ் சேம்பர் வெட்டுங்கள். போல்ட் ஆக்‌ஷனுக்கான மேட்ச் சேம்பரில் மென்மையான ஈயக் குண்டு வரிமேட்டில் அழுந்தி நிற்கும். அதை அழுத்தி ஏற்ற இந்த வகைக் கேரியருக்குப் பலம் போதாது, சுடாமல் எடுத்தால் குண்டு பேரலிலேயே தங்கிவிடவும் கூடும். பென்ட்ஸ் சாதாரண சேம்பரைவிட இறுக்கம், ஆனால் சுடாத தோட்டாவை ஒழுங்காக வெளியேற்றும். ட்விஸ்ட் 1:16. ஒலி வேகத்துக்குக் கீழே, வினாடிக்கு 1070 அடி அளவில் போகும் தோட்டாவே இதற்கு. அதிவேகத் தோட்டா வழியில் ஒலி வேகத்தைக் கடந்து இறங்கும்போது தடுமாறும்.

கேள்வி: புதிய பேரல் 3 குண்டுக் குரூப்பில் (இலக்கில் சேர்ந்து விழும் துளைகளின் பரவல்) ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) தருகிறது. ஏற்றுக்கொள்ளலாமா?

3 குண்டு எதையும் சொல்லாது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, சுடுபவரும் ஒருவரே என்றாலும் குண்டுகளின் எண்ணிக்கை கூடினால் குரூப் விரியும். புள்ளியியல்படி 3 குண்டுக் குரூப் சராசரி 1 என்றால் 5 குண்டுக்கு சுமார் 1.27, 10 குண்டுக்கு சுமார் 1.6. உங்கள் பேரல் ஒரு எம்.ஓ.ஏ. பேரல் என்று 10 குண்டு சொல்ல வேண்டும். 100 மீட்டரில் அது 29 மி.மீ.

ஒரே ஆலைத் தோட்டாவில் 10 குண்டுக் குரூப் மூன்று சுடுங்கள். குரூப்களுக்கு இடையில் பேரலைக் கைபொறுக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். 69 கிரெய்ன் ஒன்று, 77 கிரெய்ன் ஒன்று என இரண்டு தோட்டாவிலாவது செய்யுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் விரிந்தால் பேரலைக் குறை சொல்லாதீர்கள், அதற்கு அந்தத் தோட்டா பிடிக்கவில்லை. இலக்குகள் எல்லாவற்றையும் தேதி போட்டு எடுத்துவையுங்கள். 3000 முதல் 5000 தோட்டா ஓடியபின் இதே சோதனையைத் திரும்பச் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொண்டை தேய்ந்ததா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.